வீட்டு வைஃபையில் ஓடும் வாட்ஸ்அப், வெளியே வந்தால் நிற்கிறதா?

தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவதும் சார்ஜிங் போர்ட் மாற்றுவதும்தான் கடைக்கு வருமானம். ஆனால் படியேறி வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "யக்கா, வாட்ஸ்அப்பு வீட்ல நல்லா ஓடுது, வாசலத் தாண்டினா ஓட மாட்டேங்கு." இதற்கு நான் காசு வாங்குவதில்லை. எங்கோ ஒரு பொத்தான் மாறிக் கிடக்கும், அதைத் திருப்பி வைத்தால் முடிந்தது. அந்தப் பொத்தான் எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது. அதை நீங்களே கண்டுபிடிக்கும்படி எழுத முயல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வாட்ஸ்அப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன், அலுவலக நண்பர், யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வைஃபையில் செய்தி போகிறது, வருகிறது என்றால் ஆப் நன்றாக இருக்கிறது. உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. வாட்ஸ்அப் சர்வரும் நன்றாக இருக்கிறது. கோளாறு மொபைல் டேட்டா வருகிற வழியில்தான். நன்றாக இருப்பதை அழித்துப் பயன் இல்லை.

பயன் இல்லாததோடு போகாமல் இழப்பும் வரும். பேக்அப் எடுக்காதவர்களுக்குப் பழைய செய்திகள் போய்விடும். இறந்துபோன கணவர் அனுப்பிய குரல் பதிவுகளை அப்படி இழந்துவிட்டு வந்து நின்ற அம்மாவை எனக்குத் தெரியும். அவை திரும்பக் கிடைக்கவில்லை. 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுவும் அழிப்பதற்குச் சமம்தான். 'கிளியர் கேஷ்' மட்டும் செய்திகளைத் தொடாது. சமீபத்தில் சிம் மாற்றியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே எண்ணுக்குப் பழைய சிம்முக்குப் பதிலாகப் புது சிம் வாங்கினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கிற விதி அது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டால் திரும்ப நுழைவதற்கான ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் கிடைக்காது.

எதற்கும் இப்போதே வாட்ஸ்அப்புக்குள் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்அப் என்று போய்க் கடைசியாக எந்தத் தேதியில் பேக்அப் ஆனது என்று பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஒன்று எடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

கடிகாரமா, ஒற்றை டிக்கா?

கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதை. அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் என்ன தெரிகிறது?

சின்னக் கடிகாரம் தெரிந்தால் செய்தி உங்கள் போனை விட்டே போகவில்லை. கோளாறு உங்கள் பக்கம். ஒற்றைச் சாம்பல் டிக் தெரிந்தால் செய்தி வாட்ஸ்அப் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உங்கள் டேட்டா வேலை செய்கிறது. எதிராளியின் போன் அணைந்திருக்கலாம், அவருக்கு நெட் இல்லாமல் இருக்கலாம், அவர் உங்களைத் தடுத்தும் வைத்திருக்கலாம். உங்கள் போனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது இரண்டாவது டிக் ஆகாது.

"மெசேஜ் போகவே மாட்டேங்கு" என்று வருகிறவர்களில் ஒற்றை டிக்கைக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் போனில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. நம்பாமல் நிற்பார்கள். என் நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லி அந்த இடத்திலேயே இரண்டு டிக் வருவதைக் காட்டிய பிறகுதான் நிம்மதியாகப் போவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள்.

இதோடு கேட்க வேண்டிய இன்னொன்று. எங்கள் ஊரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. "துபாய்ல இருக்க மவனுக்கு மெசேஜ் போவுது, கால் மட்டும் போக மாட்டேங்கு" என்று ஆச்சிமார் வருவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே அனுமதி உள்ள வேறு ஆப்கள் உண்டு, மகனையே கேட்டு அதைப் போட்டுக்கொள்வதுதான் வழி. ஆச்சியின் போனில் எந்தக் கோளாறும் இல்லை.

வைஃபையை உண்மையிலேயே அணைத்தீர்களா?

கடிகாரம்தான் தெரிகிறது என்றால் அடுத்த சோதனை. மேலிருந்து திரையை இழுத்து வைஃபையை அணையுங்கள். வீட்டு வாசலிலும் மாடியிலும் தெருமுனையிலும் நிற்பவர்கள் மொபைல் டேட்டாவில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். போன் வீட்டு வைஃபையின் கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வைஃபை வழியாக ஒன்றும் வராது, அதை விட்டுவிட்டு டேட்டாவுக்கும் மாறாது. ரயில் நிலைய இலவச வைஃபையிலும் இதே கதை. ஒருமுறை சேர்ந்திருந்தால் அடுத்த முறை தானாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் நம்பரைக் கொடுத்து உள்ளே நுழையும் வரை நெட் வராது. நீங்கள் பிளாட்பாரத்தில் நின்று 'கனெக்டிங்' என்பதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வைஃபையை அணைத்ததும் செய்திகள் மளமளவென்று போனால் விஷயம் அவ்வளவுதான்.

வைஃபை அணைந்த பிறகும் போகவில்லையா? இப்போது பிரவுசரைத் திறந்து, இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறங்கள். பழகிய பக்கம் வேண்டாம், அது போனில் சேமித்து வைத்ததைக் காட்டி ஏமாற்றும். ஏதாவது ஒரு ஊரின் பெயரைத் தேடிப் பார்த்தால் போதும்.

அந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் பிரச்சினை வாட்ஸ்அப்பில் இல்லை, உங்களுக்கு மொபைல் டேட்டாவே இல்லை. பக்கம் திறக்கிறது, வாட்ஸ்அப் மட்டும் நிற்கிறது என்றால் போனுக்குள் வாட்ஸ்அப்புக்கு மட்டும் யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கண்ட செட்டிங்கையெல்லாம் மாற்றினால் நன்றாக இருந்ததும் கெடும்.

எதுவுமே திறக்கவில்லை என்றால்

முதலில் ஏரோபிளேன் மோடு. போட்டு, அரை நிமிடம் விட்டு, எடுங்கள். போன் டவரிடம் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். தற்காலிகச் சிக்கல்கள் இதிலேயே தீரும்.

தீரவில்லையென்றால் ரீசார்ஜைப் பாருங்கள். பேச முடிகிறது என்பதால் டேட்டாவும் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. டேட்டா வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அதன்பின் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. விலை குறைவாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு, வீட்டு வைஃபையில் எல்லாம் ஓடுவதால் வித்தியாசம் தெரியாமல் இருப்பார்கள். கரண்ட் போய் வைஃபை அணையும்போதுதான் தெரியும். ஜியோ என்றால் 1299க்கு ஒரு அழைப்பு, ஏர்டெல் என்றால் ஸ்டார் 121 ஹேஷ், அல்லது அந்தந்தக் கம்பெனியின் ஆப், எதிலாவது பார்த்துக்கொள்ளலாம். டேட்டா எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

இரண்டு சிம் போட்டிருந்தால் டேட்டா எந்த சிம்மில் இருக்கிறது? ரீசார்ஜ் செய்தது முதல் சிம்மில், டேட்டா இரண்டாவது சிம்மில் வைத்திருப்பது அடிக்கடி பார்க்கிற கோளாறு. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. வாட்ஸ்அப் எண் எந்த சிம்மோ அந்த சிம்மில்தான் டேட்டா இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு சிம்மின் எண்ணில் வாட்ஸ்அப் வைத்துக்கொண்டு இன்னொரு சிம்மின் டேட்டாவில் ஓட்டலாம்.

அடுத்து, டேட்டா லிமிட். ஆண்ட்ராய்டில் டேட்டா யூசேஜ் பகுதிக்குள் 'டேட்டா வார்னிங் அண்ட் லிமிட்' என்று இருக்கும். மாதத்துக்கு 1 ஜிபி வாங்கிய காலத்தில் யாரோ அங்கே எல்லை வைத்திருப்பார்கள். அந்த எல்லை வந்ததும் போன் தானாக மொபைல் டேட்டாவை அணைத்துவிடும்.

நெட்வொர்க் வகையையும் பாருங்கள். சிம் செட்டிங்கில் 'பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்' 2ஜி அல்லது 3ஜி மட்டும் என்று பூட்டியிருந்தால் ஜியோவில் எதுவுமே வராது, ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. ஏர்டெல் தன் 3ஜியை மூடிப் பல வருடம் ஆகிறது. பேட்டரி மிச்சம் ஆகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 2ஜியில் வைத்தவர்களுக்கு மேலே 'ஈ' என்ற ஆங்கில எழுத்து தெரியும். பேச்சு ஓடும், வாட்ஸ்அப் தவழும். பிஎஸ்என்எல் காரர்களுக்கு இதில் இன்னொன்று உண்டு: பழைய 2ஜி, 3ஜி கால சிம் இருந்தால் 4ஜி டவர் பக்கத்திலேயே இருந்தாலும் கிடைக்காது, சிம்மை மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் சரி, இன்னும் வரவில்லை என்றால் ஏபிஎன். போன் எந்த வாசல் வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் பெயர் அது. சிம் வேறு கம்பெனிக்கு மாறியவர்களுக்கும், பழைய போனில் புது சிம் போட்டவர்களுக்கும் இது தவறிப் போயிருக்கும். சிம் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்' என்று இருக்கும். ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல். யூசர் நேம், பாஸ்வேர்டு காலியாகவே இருக்கட்டும். ஏபிஎன் புரோட்டோகால் என்ற இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 (இன்டர்நெட் முகவரியின் பழைய வகை, புது வகை) இரண்டும் சேர்ந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜியோ பெரிதும் ஐபிவி6 வழியில் ஓடுகிறது. ஐபிவி4 மட்டும் என்று வைத்தால் சில ஆப் ஓடும், சில ஆப் நிற்கும், காரணமே பிடிபடாது. மேலே மூன்று புள்ளியைத் தட்டினால் 'ரீசெட் டு டீஃபால்ட்' இருக்கும். கையால் அடிப்பதற்கு முன் அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியான பெயர் தானாக வந்துவிடும்.

கடைசியாக, கம்பெனி பக்கத்திலேயே டேட்டா அணைக்கப்பட்டிருக்கலாம். மொபைல் இன்டர்நெட்டைத் தொடங்கவும் நிறுத்தவும் இந்தியாவில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் 1925. குழந்தை விளையாட்டாகவோ வேறு யாரோ தெரியாமலோ அதற்கு ஸ்டாப் என்று அனுப்பியிருந்தால் போனில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் நெட் வராது. அதே எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் திரும்ப வரும்.

இவ்வளவு பார்த்தும் புரியாதபோது நான் செய்வது சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவது. அங்கே நெட் ஓடினால் சிம் நல்லது, கோளாறு போனில். அங்கேயும் ஓடவில்லை என்றால் இந்தப் போனை விட்டுவிடலாம், பேச வேண்டியது கம்பெனியிடம். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் ஊசி ஒன்று போதும், கடைக்கே வர வேண்டாம்.

மற்றதெல்லாம் ஓடுகிறது, வாட்ஸ்அப் மட்டும் இல்லை

இதுதான் எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் கண்டுபிடித்த அடுத்த நொடி சரியாகிவிடும். ஒவ்வொரு ஆப்புக்கும் மொபைல் டேட்டாவைத் தனியாகத் தடுக்கிற வசதி ஏறக்குறைய எல்லா போனிலும் இருக்கிறது. பெயரும் இடமும்தான் மாறும்.

ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், ஆப்ஸ், மேனேஜ் ஆப்ஸ், வாட்ஸ்அப் என்று போங்கள். 'ரெஸ்ட்ரிக்ட் டேட்டா யூசேஜ்' என்று இருக்கும். அதைத் தட்டினால் வைஃபை, சிம் 1, சிம் 2 என்று தனித்தனிக் கட்டங்கள். வைஃபையில் டிக் இருந்து சிம்மில் இல்லையென்றால் உங்கள் கோளாறு அதுதான். சிம்மை ஒரு குழியிலிருந்து மற்றதற்கு மாற்றிப் போட்டவர்களுக்கு இது நேரும், ஒரு குழிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருப்பார்கள்.

ஒப்போ, ரியல்மி போன்களில் டேட்டா யூசேஜ் பகுதிக்குள் ஆப்களுக்கு நெட் அனுமதி தருகிற பட்டியல் ஒன்று இருக்கும். வாட்ஸ்அப்புக்கு நேரே வைஃபை மட்டும் என்று இருந்தால் மொபைல் டேட்டாவையும் சேருங்கள். விவோவில் ஐ மேனேஜர் ஆப்பைத் திறந்து டேட்டா பற்றிய பகுதிக்குள் தேடுங்கள். இந்தப் பெயர்களைக் கம்பெனிகள் அப்டேட்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதனால் நான் சொல்கிற பெயர் உங்கள் போனில் இல்லையென்றால் பதறாமல், செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'டேட்டா' என்று ஆங்கிலத்தில் அடித்து வருகிற ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

ஐபோனில் இது இன்னும் எளிது. செட்டிங்ஸில் மொபைல் டேட்டா அல்லது மொபைல் சர்வீஸ் என்பதைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே போங்கள். ஆப்களின் நீளமான பட்டியல் வரும். வாட்ஸ்அப்புக்கு நேரே பச்சை இருக்க வேண்டும். சாம்பலாக இருந்தால் அந்த ஆப் வைஃபையில் மட்டும்தான் ஓடும். ஸ்க்ரோல் செய்யும்போது விரல் பட்டு அணைந்து போகிற இடம் இது.

அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் மேலே சாவிக் குறி தெரிகிறதா பாருங்கள். அது விபிஎன், உங்கள் நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புகிற வசதி. இலவச விபிஎன் ஆப் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். விளம்பரம் வராமல் இருக்க 'பிரைவேட் டிஎன்எஸ்' பகுதியில் ஏதாவது பெயரை எழுதி வைத்தவர்கள், அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிப் பாருங்கள். வீட்டு வைஃபை அந்த வழியை விட்டிருக்கும், மொபைல் நெட்வொர்க் அடைத்திருக்கும்.

செய்தி போகிறது, படம் போகவில்லை

இதை மாலையிலும் இரவிலும் கேட்பேன். "எத்தன மணிக்கு மேல இப்படி?" என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். தினமும் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வருகிற திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்ததும் நெட் முழுதாக நிற்காது, பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். எழுத்துச் செய்திக்கு அது தாராளம். 1 எம்பி படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு நிமிட வீடியோவை அந்த வேகத்தில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். அதனால் "வாட்ஸ்அப் ஓடுது, ஆனா ஓடல" என்று சொல்லத் தெரியாமல் சொல்வார்கள். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு சரியாகிவிட்டால் உங்கள் போனில் எந்தக் கோளாறும் இல்லை. காலையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே கழிந்த டேட்டா அது. அவசரமாக ஒரு ஆவணம் அனுப்ப வேண்டும் என்றால் சின்ன டேட்டா பூஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

படம் வருகிறது, ஆனால் மங்கலாக, கீழ்நோக்கிய அம்புக்குறியோடு நிற்கிறது என்றால் அது வேறு. வாட்ஸ்அப் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மீடியா ஆட்டோ டவுன்லோடு. அங்கே மொபைல் டேட்டாவில் எதைத் தானாக இறக்கலாம் என்று கேட்கும். படத்துக்கு மட்டும் டிக் வைத்துவிட்டு வீடியோவை விட்டுவிடுங்கள். காலை வணக்கம் வீடியோக்கள் பத்துக் குழுவிலிருந்து வருகிற வீட்டில் டேட்டா மாலைக்குள் தீருவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

திறந்தால்தான் செய்தி வருகிறது

போன் பாக்கெட்டில் இருக்கும்போது சத்தம் இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்ததும் பத்துச் செய்தி ஒரேயடியாகக் கொட்டும். வைஃபையில் இப்படி இல்லை, டேட்டாவில் மட்டும் என்றால் பெரும்பாலும் டேட்டா சேவர். 2016ல் ஆண்ட்ராய்டு 7ல் வந்த வசதி இது. மேலே வட்டத்துக்குள் கூட்டல் குறி தெரியும். திறந்திருக்கும் ஆப்புக்கு மட்டும் டேட்டா தந்து, பின்னால் இருப்பதை நிறுத்தி வைக்கும். அதை அணைக்க மனமில்லை என்றால் வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்: செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், மொபைல் டேட்டா. அங்கே 'பேக்கிரவுண்டு டேட்டா' என்று வருவதையும் 'டேட்டா சேவர் இருக்கும்போதும் அனுமதி' என்ற பொருளில் வருவதையும் இரண்டையும் போட்டுவிடுங்கள். ஐபோனில் இதற்கு 'லோ டேட்டா மோடு' என்று பெயர்.

வைஃபையிலும் அப்படித்தான் தாமதம் என்றால் அது பேட்டரி சேமிப்பு. சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலிலிருந்து வாட்ஸ்அப்பை எடுத்துவிடுங்கள். ரெட்மியில் 'ஆட்டோஸ்டார்ட்' போடுங்கள்.

இடம் மாறினால் மட்டும் நிற்கிறதா?

கோளாறு ஆளோடு வருகிறதா, இடத்தோடு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்தே இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் சீசன். ஜூன், ஜூலையில் சனி, ஞாயிறு மெயின் அருவிப் பக்கம் நின்றால் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், படம் ஒன்றுகூடப் போகாது. கோடு காட்டுவது டவரின் சிக்னல் பலத்தை மட்டும்தான். அந்த டவரில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. இதற்குப் போனில் மருந்து இல்லை. குழந்தையைத் தேடுவதோ வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்வதோ அவசரமாக இருந்தால் எழுத்தில் அனுப்புங்கள், முடிந்தால் நேராகப் போன் பண்ணுங்கள். படங்களை அனுப்பிவிட்டுப் போனைப் பாக்கெட்டில் வைத்துவிடலாம். கடிகாரக் குறியோடு நிற்பது கூட்டம் குறைந்த இடத்துக்கு வந்ததும் தானாகப் போகும். போகவில்லையே என்று அதே படத்தை நான்கு முறை அனுப்பினால் நான்கும் போய்ச் சேரும்.

இன்னொன்று கேரள எல்லையில் இருக்கிற புளியரை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர் போகிற லாரி ஓட்டுநர்களும் வியாபாரத்துக்குப் போகிற அண்ணாச்சிமாரும் மலை ஏறியதும் நெட் போகிறது என்பார்கள். தொலைத்தொடர்புக் கணக்கில் கேரளம் வேறு வட்டம். எல்லையில் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும்போது சில போன்கள் அதை ரோமிங் என்று எடுத்துக்கொள்ளும். 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் பேச்சு ஓடும், நெட் நிற்கும். சிம் செட்டிங்கில் அதைப் போட்டு வையுங்கள், நாட்டுக்குள் போகும்போது இதற்குத் தனிக் கட்டணம் என்று பயப்பட வேண்டியதில்லை. வெளிநாடு போகும்போது மட்டும் மறக்காமல் அணையுங்கள், அங்கே பில் எகிறும்.

5ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது ஒன்று. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது, ஆனால் எல்லா மூலையிலும் ஒரே பலத்தில் இல்லை. ஓரத்தில் நிற்கும் போன் பலம் இல்லாத 5ஜியைப் பிடித்துக்கொண்டு தவிக்கும். நெட்வொர்க் வகையை 4ஜி என்று மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சரியானால் அப்படியே விட்டுவிடலாம், வாட்ஸ்அப்புக்கு 4ஜி வேகம் தாராளம்.

கம்பெனியைக் கூப்பிடும் முன்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, சிம்மும் வேறு போனில் நன்றாக ஓடுகிறது என்றால் செட்டிங்ஸில் 'ரீசெட்' பகுதிக்குள் மொபைல் நெட்வொர்க் அல்லது 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதை மட்டும் ரீசெட் செய்யுங்கள். படம், செய்தி, ஆப் எதுவும் போகாது. பல போன்களில் வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழியும் என்பதால் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். 'எரேஸ் ஆல் டேட்டா' என்பது அதே திரையில் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள்.

சிம்தான் கோளாறு என்று தெரிந்தால் உங்கள் கம்பெனி சிம்மிலிருந்தே 198க்குக் கூப்பிடுங்கள், அது புகாருக்கான இலவச எண். "வாட்ஸ்அப் ஓடல" என்று தொடங்கினால் ஆப்பை அழித்துப் போடச் சொல்வார்கள். "மொபைல் டேட்டா வரவில்லை, சிம்மை வேறு போனில் போட்டும் வரவில்லை, ஏபிஎன் சரியாக இருக்கிறது, இந்த ஊர், இந்தத் தெரு, இந்த நேரத்திலிருந்து" என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கூப்பிடும்போது அது இல்லாமல் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும்.

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்ட வயதானவர்களைத் திரையைப் பார்க்கும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்லி வங்கிப் பணத்தை எடுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக் கணக்கையே பறித்திருக்கிறார்கள். நெட்டைச் சரிசெய்ய அந்த எண் யாருக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால் அடுத்த வேலை வாட்ஸ்அப்பைப் பார்ப்பது இல்லை. உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள், பிறகு வங்கிக்கு.